இரண்டு அச்சு என்று நீ எழுதியிருந்தாய்

வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

அம்மாவின் அழகும் அப்பாவின் கைத்திறமையும் ஒருங்கே வாய்த்த மருமகள் டார்லாவுக்கு, உன் தாய்மாமன் லோயல் ப்ரூயிட் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தை நடீனும் முழுசாக இருக்கிறோம். உன் டிராக்டரும் முழுசாக இருக்கிறது. முழுசாக இருப்பவற்றின் பட்டியல் அவ்வளவுதான். நீயும் அவ்விதமே முழு நலத்தோடு இருந்து, இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காமல் எங்காவது உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தொலைபேசியில் சொல்லலாம்தான். நேற்று சாயங்காலம் நான்கு முறை உன் எண்ணை அழுத்தினேன், ஒரு மணி அடித்ததும் வைத்துவிட்டேன். "என்ன மாமா, நாலு தடவை கூப்பிட்டிருக்கீங்க" என்று நீ அனுப்பியதைப் பார்த்தேன். "சட்டைப்பையில் தெரியாமல் அழுந்திவிட்டது" என்று பதில் போட்டேன். நேற்று நான் சொன்ன பொய்களில் அதுதான் சின்னது. அதனால் இதை எழுதி, ரொட்டிப் பையில் சுற்றி, வான்கோழி ஆலை வாசலில் நிற்கும் உன் பிக்கப்பின் கண்ணாடித் துடைப்பானுக்குக் கீழே செருகிவைக்கப் போகிறேன். உன் கடைசி ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது முதலில் என் எழுத்து உன் கண்ணில் படட்டும். இதற்குள் ஐந்து பேர் உனக்கு ஐந்து விதமாகச் சொல்லியிருப்பார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ கொடுத்த காகிதத்தை நான் தொலைக்கவில்லை. உன் சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில் நீ எழுதியது எழுத்துக்கு எழுத்து எனக்கு மனப்பாடம். "இரண்டு அச்சு, நாலு சக்கரம். பதினெட்டு அடிக்குக் குறையக் கூடாது. ஏழாயிரம் பவுண்டு தாங்க வேண்டும். டிரெய்லருக்குத் தனி பிரேக். மாமா, இதற்குக் குறைந்து எதுவும் தயவு செய்து வேண்டாம்." 'தயவு செய்து' என்பதன் கீழே இரண்டு கோடு. எட்டு வருஷம் அந்த ஆலையின் குளிரில் நின்று வான்கோழி அறுத்துச் சேர்த்த பணத்தில் ஒரு சின்ன டிராக்டரை ஏலத்தில் எடுத்து, அதை என் களஞ்சியத்தில் வைத்து, இன்றோடு ஆலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு நாளை முதல் சொந்தத் தொழில் என்று நீ துணிந்து நிற்பது எனக்குத் தெரியாததா? முதல் வேலையே பெல் க்ரீக் கல்லறைத் தோட்டத்துச் சரளைப் பாதையைச் சமன் செய்வது. மறுநாள் ஞாயிறு, கல்லறைகளுக்குப் பூ வைக்கும் அலங்கார நாள். சுற்று வட்டாரமே பூவும் கூடையுமாக வந்து இறங்கும். பாதை நன்றாக இருந்தால் யார் செய்தது என்று நாலு பேர் கேட்பார்கள். நன்றாக இல்லாவிட்டால் நாற்பது பேர் கேட்பார்கள். இதெல்லாம் தெரிந்துதான், நீ லீவு கிடைக்காமல் தவித்தபோது, "டிரெய்லரை நான் வாங்கிடறேன், டிராக்டரையும் அதுல ஏத்திக் கொண்டுபோய் நிறுத்திடறேன், நீ கவலைப்படாத கண்ணு" என்றேன். நாற்பது வருஷம் டிரெய்லர் இழுத்தவன், உன் அப்பா டெல்மருக்கே அதைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுத்தவன், வேறு என்ன சொல்வேன்?

காகிதத்தோடு நேராக டிரெய்லர் கடைக்குப் போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. வழியில் தீவனக் கடை இருக்கிறது. தீவனக் கடைக்குள் காபி மேசை இருக்கிறது. அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் ஆறு பேருக்கும் இடுப்பில் வலி, வாயில் வலி கிடையாது. அவர்களில் வீலர்தான் ஆரம்பித்தான். "என்ன லோயல், உன் அக்கா பொண்ணுக்கு டிரெய்லர் தேடறியாமே. ரெண்டு அச்சா எடுக்கப் போற?" என்றான். நான் காகிதத்தை எடுத்துக் காட்டியிருக்கலாம். ஆனால் ஆறு பேர் என் முகத்தையே பார்க்கிறார்கள். "சின்ன டிராக்டருக்கு ரெண்டு அச்சு எதுக்குய்யா? ஆட்டுக்குட்டியக் கூட்டிட்டுப் போக ரயில் பெட்டி எடுக்கற மாதிரியில்ல இருக்கு" என்றேன். ஆறு பேரும் சிரித்தார்கள். காபி ஊற்றுகிற பெண் கூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் மருமகளே, அந்த ஒரே ஒரு சிரிப்புக்காகத்தான், இதற்குப் பிறகு நடந்தது அத்தனையும். சொல்லிவிட்ட பிறகு இரண்டு அச்சு டிரெய்லரோடு அந்தக் கடை வாசலைக் கடந்துபோக என்னால் முடியுமா? அந்தக் கடைக்கு மூன்று ஜன்னல்.

டிரெய்லர் விற்கிறவனைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல பையன். நான் ஒவ்வொரு சக்கரத்தையும் உதைத்துப் பார்த்தேன், குனிந்து அடியில் பார்த்து "ம்ம்" என்றேன், பலகையைத் தட்டிப் பார்த்து இன்னொரு "ம்ம்" போட்டேன். அவன் பின்னாலேயே வந்து, "எவ்வளவு எடை ஏத்தப் போறீங்கண்ணே?" என்றான். "ரெண்டாயிரத்து அறுநூறு பவுண்டு. டிராக்டர் புத்தகத்துலயே போட்டிருக்கு" என்றேன். "அது வெறும் டிராக்டருக்குண்ணே. முன்னாடி பக்கெட் இருக்கா? பின்னாடி ஏதாவது மாட்டியிருக்கா? சக்கரத்துல ஏதாவது ஊத்தி வெச்சிருக்கீங்களா?" என்றான். முன்னால் மண் அள்ளும் பக்கெட் இருக்கிறது. பின்னால் சரளை இழுக்கும் இரும்புப் பெட்டி மாட்டியிருக்கிறது. பின் சக்கரங்களுக்குள் பீட்ரூட் சாறு நிரம்பியிருக்கிறது, கனத்துக்காக. மார்ச் மாதம் அதை நிரப்ப ஆளைக் கூட்டிவந்து பக்கத்தில் நின்று, "ஒரு சொட்டு விடாம ஊத்துப்பா" என்று சொன்னதே நான்தான். எல்லாம் சேர்ந்தால் நாலாயிரத்து அறுநூறு. கணக்கு என் தலைக்குள் ஓடியது. ஓடி முடிவதற்குள் என் வாய், "தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே டிரெய்லர் இழுத்தவன் நான்" என்று சொல்லிவிட்டது. "அப்ப சரிங்கண்ணே, தெரிஞ்சவங்களுக்கு நான் என்ன சொல்றது" என்று அவன் ஒதுங்கிவிட்டான். பதினாலு அடி, ஒற்றை அச்சு, பிரேக் கிடையாது, சிவப்பு வண்ணம், பாதி விலை. முகப்பில் 2990 என்று தகடு அடித்திருந்தது. அது ஏற்றக்கூடிய எடை அல்ல, டிரெய்லரின் சொந்த எடையும் சேர்ந்த மொத்தம் என்பது எனக்கு நேற்று மூன்றரை மணிக்குத் தெரியவந்தது. ஆனால் அந்தச் சிவப்பை நீ பார்க்க வேண்டும்.

வாங்கிய அன்றைக்கே, நேற்று வியாழக்கிழமை பன்னிரண்டரைக்குக் களஞ்சியத்துக்கு முன்னால் சரிவில், டிரெய்லரை மாட்டிய என் பிக்கப்பை நிறுத்தினேன், மூக்கு குளத்தைப் பார்த்தபடி. நடீன் முன்சீட்டில் உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நம்மூர் ஹெர்ஷல் மாப்பினின் அடக்கம் இரண்டு மணிக்கு, அதே பெல் க்ரீக்கில். சாலட்டை சர்ச் சமையலறையில் இறக்கிவிட்டு வந்துவிடலாம் என்பது ஏற்பாடு. "ஊர்வலம் கிளம்பறதுக்குள்ள நாம போயிடணும்" என்று மூன்று முறை சொன்னாள். நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, உன் டிராக்டரில் ஏறி, டிரெய்லரின் சாய்தளத்தில் மெதுவாக ஏற்றினேன். ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும், உனக்குத் தெரியும். ஒற்றை அச்சு டிரெய்லரின் வாலில் நாலாயிரத்து அறுநூறு பவுண்டு ஏறினால் தலைப்பக்கம் எழும்பும், தலை எழும்பினால் கொக்கியோடு பிக்கப்பின் பின்பக்கமும் எழும்பும், பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் ஹேண்ட் பிரேக் காற்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதும் உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும், அது நடந்துகொண்டிருக்கும்போது. பிக்கப், டிரெய்லர், டிராக்டர், நான், நடீன், சாலட் எல்லாரும் வரிசையாகக் குளத்தை நோக்கிக் கிளம்பினோம். டிராக்டரின் மேல் நின்றுகொண்டு நான் ஏதோ கத்தினேன். நடீன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்னங்க, கிளம்பிட்டோமா?" என்றாள். பிறகு பின்னால் பார்த்தாள், ஸ்டீயரிங்கில் யாரும் இல்லாததைப் பார்த்தாள், கிண்ணத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இடது காலை நீட்டி பிரேக்கை மிதித்தாள். குளத்துக்கு நாலே அடி. நடீன் இப்போது என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து நாற்பது அடி என்கிறாள். அவள் இருந்த இடத்திலிருந்து தண்ணீர் சரியாகத் தெரிந்திருக்காது.

"எறக்கிடுங்க. அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்த மாதிரி ஒண்ணை எடுத்துட்டு வாங்க. இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல" என்றாள்.

"ஏத்தறப்பதான் இப்படி இருக்கும். ஓட ஆரம்பிச்சா சரியாயிடும்" என்றேன்.

"கல்யாணத்தப்பவும் இதையேதான் சொன்னீங்க" என்றாள்.

பக்கெட் டிரெய்லரின் முன்கம்பிக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. இரும்புப் பெட்டி வாலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. சாய்தளக் கதவு மூடவில்லை, கயிறு போட்டுக் கட்டினேன். நீ புதிதாக எழுதி வாங்கிய விளம்பரப் பலகையை, வழியில் நாலு பேர் பார்க்கட்டும் என்று, இரும்புப் பெட்டியின் பின்பக்கம் மாட்டிவைத்தேன். "டார்லா ஹட்சன். சரளைப் பாதை, தோட்ட உழவு. நேர்த்தியான வேலை." கீழே உன் எண். உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். பட்டைகளை இறுக்கி, டிராக்டரின் தொடையில் ஒரு தட்டு தட்டி, "இது எங்கயும் போகாது" என்று சொன்னேன். நம் பக்கத்தில் அதைச் சொல்லாமல் யாரும் பாரத்தைக் கிளப்புவதில்லை. நான் சத்தமாகவே சொன்னேன்.

நம் வீட்டிலிருந்து மேட்டுச் சாலை வரைக்கும் ராஜா மாதிரிப் போனோம். இறக்கம் தொடங்கியதும் டிரெய்லருக்குத் தனி எண்ணங்கள் வர ஆரம்பித்தன. முதலில் லேசாக இடுப்பை அசைத்தது. பிறகு நன்றாகவே ஆடியது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு முறை இடது ஜன்னலில் உன் டிராக்டர் தெரிகிறது, மறு முறை வலது ஜன்னலில் தெரிகிறது. கனமெல்லாம் வாலில் இருந்தால் வால்தான் வண்டியை ஓட்டும். நான் பிரேக்கை மிதித்தால் பின்னால் இருப்பது முன்னால் வரப் பார்க்கிறது. எண்பது மைல் வேகம். "முப்பத்தஞ்சு" என்கிறாள் நடீன். இறக்கத்தின் அடியில் நாற்சந்தி. அங்கே ஷெரிஃப் ஆபீஸ் பையன் ஒருவன் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, கையை நீட்டி எல்லா வண்டியையும் நிறுத்திவைத்திருக்கிறான். அவனுக்கு முன்னால் ஹெர்ஷலின் சவ வண்டி விளக்குப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கடந்துபோகிறது.

நம் ஊரில் ஒரு சவ ஊர்வலம் போனால் எதிரே வருகிறவன் ஜனாதிபதியாக இருந்தாலும் ஓரம் கட்டி நிற்பான் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நானும் நிற்கத்தான் நினைத்தேன். நினைப்பு நின்றது, வண்டி நிற்கவில்லை. அந்தப் பையன் என் முகத்தைப் பார்த்தான், என் பின்னால் ஆடிக்கொண்டு வந்ததைப் பார்த்தான், கையுறையோடு பள்ளத்தில் குதித்தான். சவ வண்டிக்கும் அதற்குப் பின்னால் வந்த குடும்பத்துக் காருக்கும் நடுவில் ஒரு இடைவெளி. கடவுளே எனக்காக விட்டுவைத்த மாதிரி இருந்தது. வளைத்து உள்ளே நுழைத்தேன். ஆட்டம் நின்றுவிட்டது, ஏனென்றால் இப்போது இருபது மைல் வேகம்தான். நடீன் கிண்ணத்தை மடியில் நேராக வைத்துக்கொண்டாள். பிறகு, "விளக்கைப் போடுங்க" என்றாள். போட்டேன்.

நாலு மைல் அப்படியே போனோம். முன்னால் ஹெர்ஷல், அடுத்தது நாங்கள், எங்களுக்குப் பின்னால் அவருடைய மனைவி ஓலீட்டா, அவளுக்குப் பின்னால் இருநூறு கார். (பதினேழு. நடீன் திரும்பி எண்ணியிருக்கிறாள்.) சாலை ஓரத்தில் எல்லாரும் இறங்கி நின்று தொப்பியை மார்பில் வைத்தார்கள். சவ வண்டி கடந்ததும் தொப்பியைப் போடப் போவார்கள், சிவப்பு டிரெய்லரில் ஒரு டிராக்டர் வருவதைப் பார்த்ததும் மறுபடியும் மார்புக்குக் கொண்டுபோவார்கள். ஒரு வயதான அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். ஹெர்ஷலின் கடைசி ஆசை போலிருக்கிறது, ஆசையாக வைத்திருந்த டிராக்டரும் கூடவே வருகிறது என்று நினைத்திருக்க வேண்டும். அதைப் பார்த்து என் கண்ணும் கலங்கியது. ஆனால் ஓலீட்டா அந்த நாலு மைலும் எதைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பாள் என்று அப்புறம்தான் யோசித்தேன். அவள் கண்ணுக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில், "டார்லா ஹட்சன். நேர்த்தியான வேலை."

கல்லறைத் தோட்டத்துப் பாதையில் திரும்பாமல் நேரே போய்விடலாம் என்று திட்டமிட்டிருந்தேன். அங்கே நின்ற ஆள் எங்களைப் பார்த்து மரியாதையாகக் குனிந்து உள்ளே கை காட்டினான். குனிந்து கை காட்டுகிறவனை மறுத்துவிட்டு எப்படிப் போவது? உள்ளே போனேன். அந்தப் பாதையில் உனக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பதற்கு நான் சாட்சி. மூன்றாவது குழியில் டிரெய்லரின் வலது டயர் வெடித்தது. சாதாரண வெடி இல்லை. ஹெர்ஷல் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் துப்பாக்கி மரியாதைக்கு மூன்று முன்னாள் சிப்பாய்கள் மரத்தடியில் வரிசையாக நின்றார்கள். மூவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "எவன்டா சுட்டது? நான் இன்னும் சொல்லவே இல்லியே!" என்றார் தலைவர். "நான் இல்ல." "நானும் இல்ல." நடுவில் இருந்தவர் மட்டும் தன் துப்பாக்கியைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார். பாவம், அவருக்கு எண்பத்திநாலு வயது. நடீன் கதவைத் திறந்து இறங்கி, கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நேராக ஓலீட்டாவிடம் போய், "சாலட் கொண்டுவந்திருக்கோம் அக்கா" என்றாள். அந்த நேரத்தில் அதைவிடச் சரியான ஒரு வாக்கியத்தை யாராலும் சொல்லியிருக்க முடியாது.

ஜெபம் முடிந்து, துப்பாக்கி மரியாதை முறையாக இன்னொரு தடவை நடந்து, மண் போட்ட பிறகு, ஆர்வில் டீக் என்னிடம் வந்தார். சர்ச் நிர்வாகி, உனக்கு இந்த வேலையைக் கொடுத்த மனிதர். சாவு வீட்டுக்காரர்களை விட அவர் முகம் துக்கமாக இருந்தது. நாலாயிரத்து அறுநூறு பவுண்டின் கணக்கையும் தகட்டில் இருந்த எண்ணின் அர்த்தத்தையும் எனக்கு அங்கேயே நின்று விளக்கினார். மூன்றரை மணி. பிறகு பலகையைப் படித்தார். "இதுதான் சனிக்கிழமை நம்ம பாதைக்கு வரப்போற பொண்ணா? டிரெய்லர் எடுக்கத் தெரியாதவ கல்லறைக்குப் பக்கத்துல எப்படி வண்டி ஓட்டுவா? வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார். மருமகளே, உன் மாமன் அந்த இடத்தில் என்ன செய்தான் என்பதை நீ அறிய வேண்டும். தொப்பியைக் கழற்றினேன். நெஞ்சை நிமிர்த்தினேன். "ஆர்வில், அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. அவ எழுதிக் குடுத்தது வேற, நான் வாங்கினது வேற. தப்பு என்னோடது. வேணும்னா என்னைத் திட்டுங்க, அவ வேலையில கை வைக்காதீங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். ஆர்வில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலை உன்னுடையதுதான். டிராக்டரை இறக்கி தேவதாரு மரத்தடியில் நிறுத்தியாயிற்று, நாளைக்கு நீ வந்து கிளப்பினால் போதும். ஆர்வில் கொடுத்த மாற்றுச் சக்கரத்தை மாட்டி, காலி டிரெய்லரை அந்தக் குறுகலான பாதையில், கல்லறைகளுக்கு நடுவில், இருபக்கமும் நாலு அங்குலம் விட்டு, ஒரே எடுப்பில் பின்னாலேயே எடுத்து வெளியே கொண்டுவந்தேன். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டாதது இடம் கருதித்தான்.

இன்று காலை டிரெய்லரை விற்றவனிடமே திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிட்டேன். நீ எழுதிய மாதிரியே ஒன்றை, இரண்டு அச்சு, தனி பிரேக், அவன் உனக்காக எடுத்துவைத்திருக்கிறான். நிறம் கறுப்பு. தீவனக் கடை வழியாகத்தான் போனேன். மூன்று ஜன்னலிலும் ஆள் இருந்தார்கள்.

உன் புதுத் தொழில் மழைக்காலத்துப் புல் மாதிரி வளரட்டும். உன் கை பட்ட பாதையில் ஒருவர் காலும் தடுக்காமல் இருக்கட்டும். உன் அம்மாவிடம் நான் நலமென்று சொல், டிரெய்லரைப் பற்றிச் சொல்லாதே. நடீன் உனக்கு ஒரு கிண்ணம் சாலட் எடுத்துவைத்திருக்கிறாள்.

என்றும் உன் நன்மையே கருதும்,
தாய்மாமன்
லோயல் ப்ரூயிட்

பி.கு. கடிதத்தை ரொட்டிப் பையில் சுற்றுவதற்கு முன் எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி நடீனிடம் கொடுத்தேன். அவள் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்துவிட்டு, பேனாவை என் முன்னால் திரும்ப வைத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டாள். நாலு அடியா நாற்பது அடியா என்று இந்த முறை அவள் ஒன்றையும் திருத்தவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆர்வில் கேட்டபோது நான் நெஞ்சை நிமிர்த்தவில்லை. "இது அந்தப் பொண்ணு எடுத்த டிரெய்லரா?" என்று கேட்டார். "ஆமா, அவ சொன்னதைத்தான் வாங்கினேன்" என்றேன். அத்தனை பேர் முன்னாலும், உன் பெயர் எழுதிய பலகையின் மேல் கையை வைத்துக்கொண்டு அதைச் சொன்னேன். நடீன் பிக்கப்புக்குப் போனாள், முன்பெட்டியைத் திறந்து உன் காகிதத்தை எடுத்தாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தாள். 'தயவு செய்து' என்பதை மட்டும் இரண்டு முறை படித்தாள், இரண்டு கோடு போட்டிருந்ததால். ஓலீட்டா, புருஷனைப் புதைத்து அரை மணி ஆகாத மனுஷி, "ஆர்வில், அந்தப் பொண்ணு எழுதினதுல ஒரு எழுத்து தப்பில்ல. சனிக்கிழமை அவளே வரட்டும். என் ஹெர்ஷல் படுத்திருக்கற பாதை, நான் சொல்றேன்" என்றாள். வேலை உனக்கு நிற்பது அந்த இரண்டு பெண்களால். அப்போது நான் தொப்பியைக் கழற்றவில்லை. முகம் தெரியாமல் இருக்கட்டும் என்று இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

டிரெய்லரைப் பின்னால் எடுத்ததும் நான் இல்லை. பதினொரு முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் அது மடக்குக் கத்தி மாதிரி மடங்கியது, ஒரு வேலிக்கம்பம் சாய்ந்தது. ஓலீட்டா வந்து ஜன்னலைத் தட்டினாள். "எறங்கு தம்பி" என்றாள். கைப்பையை என்னிடம் கொடுத்தாள், செருப்பைக் கழற்றி வைத்தாள், கறுப்பு உடையோடு ஏறி உட்கார்ந்து ஒரே எடுப்பில் கொண்டுவந்து சாலையில் நிறுத்தினாள். நான் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்து, "ஹெர்ஷலுக்குக் கண்ணு மங்கினதுக்கப்புறம் பதினாலு வருஷம் மாட்டை ஏத்திக்கிட்டு சந்தைக்குப் போனது யாருன்னு நெனச்சே?" என்றாள். பிறகு கைப்பையை வாங்கிக்கொண்டு, திட்டாமல், மெதுவாகத்தான் சொன்னாள். "டெல்மர் உன்னைப் பத்தி எப்பவும் சொல்லுவான். 'வண்டிய நான் இழுத்துக்குவேன், ஆனா கேட் தெறக்க லோயல் மாதிரி ஒரு ஆள் கெடையாது. வண்டி நிக்கறதுக்குள்ள எறங்கி ஓடிடுவான்'னு."

அது உண்மை, டார்லா. நாற்பது வருஷமும் உன் அப்பாதான் இழுத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நேற்றைக்கு முன் என் ஆயுளில் நான் ஒரு டிரெய்லரை இழுத்ததே இல்லை. அவன் போன பிறகு அது தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று நினைத்துத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ அந்தக் காகிதத்தை நீட்டியபோதே சொல்லியிருக்க வேண்டும்.

நாளைக் காலை ஆறு மணிக்குக் கல்லறைத் தோட்டத்து கேட்டில் நிற்பேன். நீ என்னோடு பேச வேண்டாம். வண்டியை விட்டு இறங்கவும் வேண்டாம். நான் திறந்துவிடுகிறேன்.